இல்லாதது விசை ஆகாது

மேல்மூங்கில்பட்டு மக்களின் வாழ்க்கையை எது தீர்மானிக்கிறது என்று கண்டுபிடிக்க அரசாங்கம் ஒரு ஜீப்பை அனுப்பியது. அந்த ஊருக்கு ஜீப் வந்தது அதுதான் முதல் தடவை.

ஜவ்வாது மலையில் தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து மேல்மூங்கில்பட்டுக்குப் போக ஒரு காட்டாற்றைக் கடந்து இரண்டு சரிவு ஏற வேண்டும். வெயில் காலத்தில் பைக் போகும். மழை பெய்தால் பைக்கை மனிதன் தூக்கிக்கொண்டு போகலாம். ஆம்புலன்ஸ் தார் முடிகிற இடத்தில் வந்து நிற்கும். டிரைவர் ஹாரன் அடிப்பார். அதற்கு மேல் அவரால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. நோயாளியைக் கம்பளியில் கிடத்தி, கம்பளியை மூங்கிலில் கட்டி, முன்னால் இரண்டு பேர் பின்னால் இரண்டு பேர் தோள் கொடுத்து இறங்குவார்கள். அதற்குப் பெயர் டோலி. தீர்த்தகிரியின் தங்கை பாஞ்சாலி பிரசவ வலியோடு டோலியில் ஏறினாள். ஆற்றைத் தாண்டியதும் ஒரு பாறையருகே இறக்கி வைத்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். பதில் வரவில்லை. முன்பக்கத் தோள்களில் ஒன்று தீர்த்தகிரியுடையது.

இப்போது அவருடைய மகள் கவியா முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு ரோடு உண்டு. ஆனால் முதல் பிள்ளையைத் தாய்வீட்டில்தான் பெற வேண்டும் என்பது வழக்கம். வழக்கத்துக்கு ரோடு தெரியாது. கணவன் மோகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். ஆடித் திருவிழா முடிந்ததும் கவியாவை அடிவாரத்துக்குக் கொண்டுபோய், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு சொந்தக்காரர் வீட்டில் வைத்துவிடுவது என்று ஏற்பாடு. நாள் இருக்கிறது என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள்.

ஜீப்பை அனுப்பியது சமூக விசை மதிப்பீட்டு ஆணையம். மனித சமூகங்களையும் தனிமனித வாழ்வையும் ஆழமாக வடிவமைக்கும் விசைகள் ஐந்து என்று அந்த ஆணையம் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. இயற்கை, நம்பிக்கை, பொருள், கல்வி, குடும்பம். ஒவ்வோர் ஊரையும் இவற்றில் ஒன்றுதான் நடத்துகிறது. இரண்டு சேர்ந்து நடத்தக்கூடாது. நடத்தினால் கோப்பை எந்தத் துறைக்கு அனுப்புவது என்று தெரியாமல் போய்விடும். இயற்கை என்று முடிவானால் கோப்பு சாலைத் துறைக்குப் போகும். நம்பிக்கை என்றால் பண்பாட்டுத் துறைக்கு. குடும்பம் என்றால் எங்கும் போகாது. அதற்கு இன்னும் துறை அமைக்கவில்லை.

இது தெரிந்ததும் ஊர்க்கவுண்டர் கோவிந்தன் ஊரைக் கூட்டினார்.

"எவன் இன்னா கேட்டாலும் ரோடுன்னு சொல்லு. தொழில் இன்னான்னு கேட்டா ரோடு. சாமி எதுன்னு கேட்டா ரோடு."

"பேரு கேட்டா?" என்றான் ஒருவன்.

"பேரச் சொல்லிட்டு அப்பால ரோடுன்னு சொல்லுடா."

ஆணையம் ஓர் ஊருக்கு ஒரே ஒரு ஆளைத்தான் முழுமையாக ஆராயும். அவருக்கு மாதிரி மனிதர் என்று பெயர். ஊர் தீர்த்தகிரியைத் தேர்ந்தெடுத்தது. செத்த தங்கை ஒருத்தி, பிள்ளை பெறப் போகிற மகள் ஒருத்தி, இரண்டும் அவர் ஒருவரிடம்தான் இருந்தன.

ஜீப் வந்த நாள் காப்புக் கட்டுகிற நாளாக அமைந்துவிட்டது. ஆடித் திருவிழாவுக்கு வீட்டுக்கு ஒருவர் கையில் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொள்வார். கட்டியவர் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும் வரை ஊர் எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது. மலையிலும் அடிவாரத்திலும் இது தெரியாத ஆள் கிடையாது. தீர்த்தகிரி காலையிலேயே கட்டிக்கொண்டிருந்தார்.

ஆணையத்தின் மண்டலத் தலைவர் முனைவர் கோபால்சாமி ஜீப்பிலிருந்து இறங்கினார். வரிசையையும் பூசாரியையும் மஞ்சள் கயிற்றையும் பார்த்தார். நேராகப் போய் வரிசையில் முதல் ஆளாக நின்று கையை நீட்டினார்.

"சார், அது வந்து..." என்றார் கோவிந்தன்.

"தெரியும், தெரியும். உங்க வரவேற்பு முறை. மறுக்கக்கூடாதுன்னு எங்க கையேட்டுலயே இருக்கு. ஷோபனா, போட்டோ எடும்மா."

ஷோபனா ஆணையத்தின் அளவை அலுவலர். இளம் பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு தடித்த கையேடு. அவள் போட்டோ எடுத்தாள். பூசாரி கவுண்டரைப் பார்த்தார்.

"நம்மள இன்னா பாக்கற. கைய நீட்னா கட்டித்தான ஆவணும்," என்றார் கவுண்டர். பூசாரி கட்டினார். கோபால்சாமி பல் தெரிய நின்றார். டிரைவர் இளவரசன் அடிவாரத்துக்காரன். அவன் ஜீப்புக்குப் பின்னால் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது.

பிறகு கோபால்சாமி பேசினார்.

"அன்பார்ந்த மக்களே. இந்த மலையில் காவலூரில் நட்சத்திரங்களை அளக்கிறார்கள். நட்சத்திரத்தை அளப்பது எளிது. அது அசையாமல் இருக்கும். மனிதனை அளப்பது கடினம். அவன் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பான். எங்கள் ஆணையம் எத்தனையோ ஊர்களை மதிப்பிட்டிருக்கிறது. அதில் ஒரு ஊரைக்கூட நாங்கள் மாற்றியதில்லை. அதுதான் எங்கள் நேர்மைக்குச் சான்று."

ஊர் கைதட்டியது. முன்வரிசையிலிருந்து ஒரு குரல், "நட்சத்திரத்துக்கு ரோடு போட்டுக்கீறாங்க," என்றது. அது பதிவாகவில்லை.

கோயிலுக்கு எதிரே சாமைக் களத்தில் விசாரணை தொடங்கியது. தீர்த்தகிரியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"உங்க வாழ்க்கையை எது தீர்மானிக்குது?" என்று ஷோபனா கேட்டாள்.

"ரோடுங்க."

"ரோடு இருக்கா?"

"இல்லீங்க."

ஷோபனா கோபால்சாமியைப் பார்த்தாள். கோபால்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தத் தவறை அவர் பல ஊர்களில் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

"இங்க பாருங்க, தீர்த்தகிரி. ரோடு இல்லைங்கறது ஒரு இல்லாமை. இல்லாதது எப்படி ஒருத்தரைத் தள்ளும்? காத்து தள்ளும். வெள்ளம் தள்ளும். இல்லாதது தள்ளாது. இல்லாதது விசை ஆகாது."

"எந்தங்கச்சி செத்துட்டா சார், அது இல்லாம."

"வருத்தம்தான். ஆனா அவங்களும் இப்ப இல்லையே."

தீர்த்தகிரி யோசித்துப் பார்த்தார். எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. உயிரோடு இருக்கிற ஆதாரம் ஒன்று வேண்டும் போலிருக்கிறது என்று மட்டும் புரிந்தது. வீட்டைக் கைகாட்டினார். வாசலில் கவியா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அதோ எம்பொண்ணு சார். நெற மாசம். இப்ப வலி வந்தா டோலிதான். அவளக் கணக்குல எழுதிக்கோங்க."

ஷோபனா கையேட்டைப் புரட்டினாள். "கல்யாணம் ஆனவங்களா?"

"ஆமாங்க."

"அப்ப அவங்க கணவர் ஊர்க்காரங்க. இங்க விருந்தாளி. உங்க ஊர்க் கணக்குல வரமாட்டாங்க."

"முதப் புள்ளைக்கு அம்மா வூட்டுக்குத்தான மேடம் வருவாங்க. எல்லாப் பொண்ணும் அப்டித்தான்."

"எல்லாருமேவா?" ஷோபனா எதையோ எழுதிக்கொண்டாள். அவள் முகம் தெளிந்தது. "அப்ப இந்த ஊர்ல இந்த ஊர்க்காரங்களுக்கு முதல் பிரசவமே நடக்கறதில்ல சார்."

"முக்கியமான கண்டுபிடிப்பு," என்றார் கோபால்சாமி.

தீர்த்தகிரி மன்றாடினார். எம்பொண்ணு சார், இதே வூட்ல பொறந்தவ சார் என்றார். ஷோபனாவுக்கே சங்கடமாகிவிட்டது. விதி அப்படி இருக்கிறது என்றாள். கவியாவின் பெயரை எழுதி, அதன் குறுக்கே கோடு கிழித்து, கோட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டாள்.

அடுத்தது கயிறு. இளவரசன் ஜீப்பிலிருந்து ஒரு பெரிய தார்ப்பாயை இறக்கிக் களத்தில் விரித்தான். அதில் ஐந்து நிறத்தில் ஒரு சக்கரம் அச்சிட்டிருந்தது. விசைச் சக்கரம். தீர்த்தகிரியை நடுவில் நிற்க வைத்து, இடுப்பில் ஐந்து கயிறு கட்டினார்கள். ஊர்க்காரர்கள் ஐந்து பேர் ஐந்து நிறத்தில் நின்று ஆளுக்கொரு கயிற்றைப் பிடிக்க வேண்டும். பூசாரி நம்பிக்கை. கடைக்காரர் பொருள். பத்தாவது முடித்த ஒருவன் கல்வி. இயற்கைக்கு யாரும் கிடைக்காமல் ஆட்டுக்காரரை நிறுத்தினார்கள். குடும்பத்துக்குத் தீர்த்தகிரியின் பங்காளி ஒருவர் வந்தார். இருவருக்கும் வரப்புத் தகராறு இருந்தது. கயிற்றை அவர் ஆசையோடு வாங்கிக்கொண்டார்.

"எல்லாரும் ஒரே சமயத்துல இழுக்கணும். மாதிரி மனிதர் தன்னைத் தடுத்துக்கக் கூடாது. எந்தப் பக்கம் சாயறாரோ அதுதான் இந்த ஊரோட விசை," என்றார் கோபால்சாமி.

ஐந்து பேரும் இழுத்தார்கள். தீர்த்தகிரி ஆட்டுக்காரர் பக்கம் சாயப் பார்த்தார். அங்கே சாய்ந்தால் சாலைத் துறை. ஆனால் பங்காளி வரப்பையே இழுப்பதுபோல இழுத்தார். கல்வி கயிற்றை விட்டுவிட்டு யாருக்கோ போன் செய்து பார்த்தது, சிக்னல் இல்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மேற்குச் சரிவில் மழை இறங்கியிருந்தது தெரிந்தது. அந்தத் தண்ணீர் ஆற்றுக்குத்தான் வரும்.

அப்போது பச்சையம்மா ஓடிவந்தாள். தீர்த்தகிரியின் மனைவி. ஓடக்கூடிய உடம்பல்ல.

"யோவ், பனிக்குடம் ஒடஞ்சிடுச்சிய்யா. வாய்யா."

தீர்த்தகிரி வீட்டுப் பக்கம் பாய்ந்தார். பிடித்திருந்த கயிறுகள் விறைத்தன.

"உடுங்கடா," என்றார்.

"விடாதீங்க," என்றார் கோபால்சாமி. "அளவை நடக்குது. ஷோபனா, எந்தப் பக்கம்?"

"குடும்பம் சார். முழுக்க."

கோபால்சாமி முகம் சுளித்தார். குடும்பத்துக்குத் துறை இல்லை. "ஒரு தடவை சாஞ்சா போதாது. சராசரி எடுக்கணும். அவரை நடுவுக்குக் கொண்டு வாங்க."

பங்காளி கயிற்றைக் கீழே போட்டார். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து ஐந்து கயிற்றையும் அறுத்தார். தீர்த்தகிரியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வரப்பு வரப்பாகவே இருந்தது.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாம். எல்லைக்கல் பக்கத்துப் பாறையில் ஏறினால் சிக்னல் கிடைக்கும். அது வந்து தார் முடிகிற இடத்தில் நிற்கும். அதுவரை டோலி. ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். தீர்த்தகிரியின் தோள் அந்தக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டது. அவர் ஜீப்பைப் பார்த்தார். இளவரசனும் ஜீப்பைப் பார்த்தான். பிறகு எல்லாருமே பார்த்தார்கள்.

"சார், வண்டி," என்றார் தீர்த்தகிரி.

"முடியாது," என்றார் கோபால்சாமி. கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கும் பெண் குழந்தை இருக்கு. நான் கல்லு இல்ல. ஆனா நாங்க விசையை அளக்க வந்தவங்க. வண்டி குடுத்தா நாங்களே ஒரு விசை ஆயிடுவோம். இந்த ஊரோட முடிவு கெட்டுப் போயிடும். உங்க ஊர் நன்மைக்காகத்தான் சொல்றேன்."

"ஆய்வுக்கு உட்பட்ட ஊரினரை ஆணைய வாகனத்தில் ஏற்றக்கூடாது," என்று ஷோபனா கையேட்டைப் பார்த்து வாசித்தாள். வாசித்து முடித்ததும் தலை நிமிரவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து கவியா கத்தியது கேட்டது. ஒரு நீண்ட கத்தல். முதல் தூறல் தார்ப்பாய்மேல் விழுந்தது.

தீர்த்தகிரி கும்பிட்ட கையோடு நின்றிருந்தார். கோபால்சாமியின் காலில் விழலாமா என்று நினைத்ததாகப் பின்னால் சொன்னார். ஆனால் வேறொன்று ஞாபகத்துக்கு வந்தது. அவர் அதை வாதமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"மேடம், காலைல எம்பொண்ணு இந்த ஊரே இல்லன்னு கோடு கிழிச்சீங்களே. அப்ப அவ இன்னா ஊரு?"

ஷோபனா நிமிர்ந்தாள். பக்கத்தைப் புரட்டினாள். கோட்டைப் பார்த்தாள். கோட்டுக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"சார், இவர் சொல்றது சரி. அந்தப் பொண்ணு ஆய்வுக்கு உட்பட்ட ஊரினர் இல்ல."

"அதுக்காக?"

"ஏத்தலாம் சார். விதி தடுக்கல. சொல்லப்போனா, வெளியூர் ஆள் களத்துல இருந்தா முடிவைப் பாதிக்கும்னு வேற ஒரு விதி இருக்கு."

கோபால்சாமி கையேட்டை வாங்கிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். விதியோடு அவருக்குச் சண்டை கிடையாது. "அப்ப லாக் புத்தகத்துல என்னன்னு எழுதறது?"

"'களத்திலிருந்து வெளியாள் அகற்றம்'னு எழுதலாம் சார். கூடப் போறவங்கள அகற்றுறவங்கன்னு எழுதிக்கலாம்."

"சரி. அகற்றுங்க," என்றார்.

இளவரசன் ஏற்கெனவே வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். பின்சீட்டிலிருந்த பெட்டிகளைக் களத்தில் தள்ளி, தார்ப்பாயைச் சுருட்டிச் சீட்டில் விரித்தான். பச்சையம்மாவும் இன்னொருத்தியும் கவியாவைத் தாங்கிக்கொண்டு வந்து ஏற்றினார்கள். தீர்த்தகிரி முன்னால் ஏறப்போனார். ஏறாமல் நின்றார். கையில் காப்பு இருந்தது.

அவர் கவுண்டரைப் பார்த்தார். கவுண்டர் வந்து அவர் கையைப் பிடித்தார். முடிச்சை அவிழ்க்க நகம் ஏறவில்லை. பல்லால் கடித்து அறுத்தார். அறுத்த கயிற்றைத் தன் காப்புக்கு மேலேயே சுற்றிக்கொண்டார்.

"சாமிக் குத்தம் ஆயிடாதா மாமா?"

"ஆத்தா இன்னா ஆபீஸா, விதி புக்கு பாக்கறதுக்கு. அவளும் பொம்பளதான். போடா."

இதைக் கோபால்சாமி பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஷோபனா அவர் காதில் ஏதோ சொன்னாள். இந்தக் கயிற்றின் பொருளை அவள் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். கோபால்சாமி தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு கவுண்டரிடம் கையை நீட்டினார்.

"எனக்கும் அவிழ்த்துடுங்க. நானும் இந்த வண்டியிலயே போயிடறேன்."

"உங்களுக்கு இன்னா சார், பிரசவமா?" என்றார் கவுண்டர்.

"உள்ளூர் நம்பிக்கையை ஆய்வாளர் மீறினால் மதிப்பீடு செல்லாது," என்று ஷோபனா வாசித்தாள். ஜீப் புறப்பட்டது.

சரிவில் இறங்கும்போது மழை வலுத்தது. இளவரசன் கண்ணாடிக்கு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு ஓட்டினான். அவன் பேசிக்கொண்டே வந்தான். பேசுவதை நிறுத்தினால் பயம் வந்துவிடும் என்பதுபோலப் பேசினான். எத்தனையோ ஆபீசருக்கு ஓட்டிக்கீறேன்ணே, ஒருத்தனாச்சும் ஒரு எடத்துக்குப் போய்ச் சேந்து நான் பாக்கல என்றான். பின்னால் பச்சையம்மா கவியாவின் தலையை மடியில் வைத்து, "மூச்ச உடு, மூச்ச உடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. வழக்கமாகக் கால் நனைகிற இடத்தில் கல் எதுவும் வெளியே தெரியவில்லை.

"எறக்குனா நின்னுடும்ணே," என்றான் இளவரசன்.

"எறக்கலன்னா?"

தீர்த்தகிரி இறங்கி ஒரு கழியை ஒடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனார். தொடை வரை வந்தது. கழியால் குத்திக் குத்திப் பாறை இருக்கிற வழியாக நடந்தார். ஜீப் அவருக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. எதிர்க்கரையில் பாஞ்சாலியை இறக்கி வைத்த பாறை நனைந்து கறுப்பாக நின்றது. அவர் அதைப் பார்க்காமல் நடக்க முயன்றார். வழி அதை நோக்கித்தான் இருந்தது.

பாதி ஆற்றில் எஞ்சின் நின்றது.

தீர்த்தகிரி திரும்பினார். இளவரசன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் இருமியது. மறுபடி திருப்பினான். கவியா கத்திக்கொண்டிருந்தாள். பிறகு கத்தல் நின்றது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் இருந்தது. தீர்த்தகிரி கழியை ஊன்றிக்கொண்டு நின்றார். பின்பக்கத்துக்குப் போய்ப் பார்க்கலாம். போகவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கத் தோன்றியது. அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டார்.

ஜீப்புக்குள்ளிருந்து ஒரு குழந்தை அழுதது.

"ஆம்பளப் புள்ளய்யா," என்றாள் பச்சையம்மா. "பொண்ணும் கண்ணு முழிச்சிகினு கீறா. நீ இன்னாத்துக்கு அங்கியே நிக்கிற. வண்டியத் தள்ளு."

அவர் தள்ளினார். எஞ்சின் பிடித்தது. தார் ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. கவுண்டர் காப்புக் கட்டாத ஒரு பையனை எல்லைக்கல் பாறைக்கு அனுப்பிப் போன் செய்ய வைத்திருந்தார்.

காட்டாற்றில் இரண்டு நாள் தண்ணீர் வடியவில்லை. வடிந்த பிறகும் திருவிழா முடியவில்லை. கோபால்சாமி காப்பு அவிழ்க்கும் வரை ஊரில் இருந்தார். கேழ்வரகுக் களி தின்றார், கூழ் குடித்தார், தீமிதிக்கும்போது குழிக்குப் பக்கத்தில் நின்று வியர்த்தார். எல்லைக்கல் வரை தினமும் நடந்துபோய், கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றபடி பாறைமேல் இருந்த ஷோபனாவைத் தலைமையகத்தோடு பேசச் சொன்னார். ஷோபனா கயிறு கட்டிக்கொள்ளவில்லை. ஆனாலும் போகவில்லை. தலைவர் களத்தில் இருக்கும்வரை அளவை அலுவலர் விலகக்கூடாது என்று அவளுக்கும் ஒரு விதி இருந்தது.

மழைக்காலம் முடிந்து ஒன்றிய அலுவலகக் கூடத்தில் முடிவை அறிவித்தார்கள். மேல்மூங்கில்பட்டிலிருந்து பத்து இருபது பேர் நடந்து இறங்கி, பஸ் பிடித்துப் போனார்கள். பச்சையம்மா பேரனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கோபால்சாமி மேடையேறினார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"மேல்மூங்கில்பட்டு என் வாழ்க்கையில் மறக்க முடியாத ஊர். இந்த ஊரை நடத்தும் விசை நம்பிக்கை. இதற்கு நானே சாட்சி. ஒரு மஞ்சள் கயிறு ஒரு முனைவரைக் கட்டிப் போட்டது. அரசாங்கத்தின் எந்த ஆணையும் என்னை ஓர் ஊரில் அவ்வளவு நாள் இருக்க வைத்ததில்லை. எனவே கோப்பு பண்பாட்டுத் துறைக்குப் போகிறது. எல்லைக்கல் அருகே அலங்கார வளைவு ஒன்று அமைக்கப்படும்."

கவுண்டர் எழுந்தார். "ரோடு, சார்?"

"அதையும் பரிசீலித்தோம். போக்குவரத்து போதுமானது என்று தெரிய வந்தது. ஆய்வின்போதே, கடும் மழையில், ஒரு கர்ப்பிணி வாகனத்தில் பத்திரமாக இறங்கியிருக்கிறார். லாக் புத்தகத்தில் பதிவு இருக்கிறது."

"அது ஒங்க வண்டி சார்," என்றார் தீர்த்தகிரி.

"வண்டி யாருடையது என்பது பொருள் என்ற விசையின்கீழ் வரும். உங்கள் ஊர் நம்பிக்கையின்கீழ் வந்துவிட்டது."

"எம்பேரன் பாதி ஆத்துல பொறந்தான் சார்."

கோபால்சாமி ஷோபனாவைப் பார்த்தார். ஷோபனா எழுந்து, ஆறு காட்டுக்குள் இருப்பதால் வனத்துறையைச் சேர்ந்தது என்றாள். குழந்தையின் ஊர் தந்தையின் ஊர். ஆகவே மேல்மூங்கில்பட்டில் அன்று பிரசவம் எதுவும் நடக்கவில்லை. சொல்லிவிட்டு அவள் குழந்தையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒன்றே ஒன்று தெரிய வேண்டும்," என்றார் கோபால்சாமி. அவருக்கு உண்மையிலேயே ஆர்வமாக இருந்தது. "குழந்தை எங்கள் விசைச் சக்கரத்தின்மேல் பிறந்ததாக டிரைவர் சொன்னார். எந்த நிறத்தின்மேல் விழுந்தது?"

"எங்கையில வுழுந்துச்சி சார்," என்றாள் பச்சையம்மா.

அது பதிவாகவில்லை.

அலங்கார வளைவு தை மாதம் வந்தது. லாரி தார் முடிகிற இடத்தில் இரும்புத் தூண்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. தூண்களைக் கம்பளியில் கிடத்தி, மூங்கிலில் கட்டி, ஊர்க்காரர்கள் தோளில் சுமந்து மேலே கொண்டு வந்தார்கள். தீர்த்தகிரி முன்பக்கம் நின்றார். பாறையருகே இறக்கி வைத்து இளைப்பாறினார்கள். தூணுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று ஒருவன் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

அந்த இளைப்பாறலில்தான் கவுண்டருக்கு அது தோன்றியது. ஆணையத்தின் முடிவில் திருப்தி இல்லையென்றால் மறுமதிப்பீடு கேட்கலாம். மறுமதிப்பீட்டுக்கு ஆணையம் நேரில் வர வேண்டும். நேரில் வந்தால் ஜீப்பில்தான் வரும். ஊரில் பிள்ளை பெற வருகிற பெண் எப்போதும் வெளியூர்க்காரி. அவளை ஏற்றலாம்.

அன்றிலிருந்து மேல்மூங்கில்பட்டில் ஒரு பெண்ணுக்கு வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போதே மறுமதிப்பீட்டுக்கும் மனுப் போடுகிறார்கள். பிரசவத் தேதியைப் பார்த்து ஆய்வுத் தேதி கேட்கிறார்கள். முதல் மனு பலித்தது. ஜீப் வந்தது. வளைவின் கீழே கோபால்சாமி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இறங்கினார். பூசாரி இருக்கிற பக்கம் திரும்பவே இல்லை. இளவரசன் வண்டியைத் திருப்பி நிறுத்தி, பின்சீட்டைக் காலி செய்து வைத்திருந்தான். இந்த ஊர் தன்னைப் பற்றித் தொடர்ந்து சிந்திக்கிறது என்று கோபால்சாமி பாராட்டினார். விசை மறுபடி நம்பிக்கைதான்.

இரண்டாவது மனு சசிகலாவுக்காக. கோவிந்தக் கவுண்டரின் மகள். மனு கிடைத்தது, தட்பவெப்பம் சாதகமானதும் குழு வரும் என்று பதில் வந்தது. ஐப்பசி. மழை விடவில்லை. மத்தியானம் சசிகலாவுக்கு இடுப்புவலி எடுத்தது.

கவுண்டர் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். யாரையும் கூப்பிடவில்லை. ஆட்கள் தாங்களாகவே வந்தார்கள். தீர்த்தகிரியின் பங்காளி மூங்கிலைக் கொண்டுவந்தார். தீர்த்தகிரி கம்பளியை உதறி விரித்தார். முடிச்சுப் போடும் முன் கையை நிறுத்தி, வளைவு இருக்கிற பக்கம் காது கொடுத்துக் கேட்டார். எல்லாரும் கேட்டார்கள்.

"வண்டிச் சத்தமா?" என்றார் கவுண்டர்.

"மழை மாமா," என்று சொல்லி, தீர்த்தகிரி முடிச்சை இறுக்கினார்.